18 கிலோஹெர்ட்ஸ் கேட்க ரிசீவர் வேண்டாம், கம்பிச் சுருள் போதும்

பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு செய்யும் ஹாம் ரேடியோவில் தாழ் அலைவரிசை என்றாலே பலரும் ஒதுங்குவது ஆன்டெனாவை நினைத்துத்தான். 2200 மீட்டர் அலைநீளமுள்ள பேண்டுக்குக் கால் அலை ஆன்டெனா கட்ட ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் வேண்டும். ஆனால் அது ஒலிபரப்புகிறவர் கவலை. வெறுமனே கேட்க நினைத்தால் இன்னும் கீழே போய்விடுங்கள். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் சாதாரண கணினி சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும். அதுவே ரிசீவர்.

நமக்குப் பக்கத்து இலக்கு நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம், 18.2 கிலோஹெர்ட்ஸ். இன்னொன்று ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத், 19.8. செய்தி ரகசியக் குறியீட்டில் இருக்கும். சிக்னல் வருகிறதா, எவ்வளவு வலு என்பதுதான் நம் ஆராய்ச்சி.

முதலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம். அதில் 26 கேஜ் எனாமல் செம்புக்கம்பியை 30 சுற்று சுற்றுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்குத் தருவார்கள். 200 கிராம் போதும். முனைகளில் எனாமலை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு, ஷீல்டு உள்ள மைக் வயரைச் சால்டர் செய்யுங்கள். மைக் உள்ளீட்டில் சிறு டிசி மின்னழுத்தம் இருக்கும் என்பதால், ஒரு முனையில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடரில் வையுங்கள். மைக் வயரின் மறுமுனை யூஎஸ்பி சவுண்ட் கார்டின் மைக் துளைக்கு.

அப்புறம் ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். மாதிரி வேகம் 48,000. விண்டோஸில் மைக்குக்கான இரைச்சல் குறைப்பு வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். அவை நாம் தேடுவதையே அழித்துவிடும். ஒரு நிமிடம் பதிவு செய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று நேரவாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றி, விண்டோ அளவை 16384 ஆக்குங்கள். 18.2-இல் ஒரு தடித்த கிடைக்கோடு தெரிந்தால் பிடித்துவிட்டீர்கள். செங்குத்துக் கீற்றுகள் எங்கோ வெட்டும் மின்னல்.

பெரும்பாலும் முதல் தடவை தெரியப்போவது இதெல்லாம் அல்ல, வீட்டு இரைச்சல். உண்மையான வேலை இங்கேதான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், டிவி என ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சுருளைக் கழற்றிய பிறகும் ஒரு கோடு நிற்கிறதா? அது லேப்டாப்பின் சொந்தச் சரக்கு. இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் சட்டத்தை மொட்டைமாடிக்குத் தூக்குங்கள். என்னைக் கேட்டால், பெரிய சுருளைவிட அமைதியான இடம்தான் அதிகம் உதவும்.

சட்டத்தைத் திருப்பியும் பார்க்க வேண்டும். அதன் விளிம்பு நிலையத்தை நோக்கி இருந்தால் சிக்னல் உச்சம். முகம் நோக்கினால் மங்கிவிடும். சென்னையிலிருந்து விஜயநாராயணம் தென்தென்மேற்கு, எக்ஸ்மவுத் தென்கிழக்கு. ஒன்றை மங்கவைத்தால் மற்றது நன்றாக நிற்கும்.

சரி, பிடித்தாயிற்றா? சூரியன் மறையும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வளிமண்டலத்தின் உயரத்தில் பகலில் இருக்கும் டி அடுக்கு என்ற மின்னேற்ற அடுக்கு கலையும்போது வலு மாறுவது தெரியும். நண்பகலில் திடீரென வலு மாறி மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பினால், அது சூரியனில் எழுந்த வெடிப்பின் விளைவாக இருக்கலாம்; அன்றைய சூரிய எக்ஸ்ரே வரைபடத்தோடு நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.