பெரிய அப்டேட்டைத் தள்ளிப்போடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

செட்டிங்ஸ் ஐகான் மேல் சிவப்பு வட்டத்தில் ஒரு '1'. போனைத் திறந்ததும் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு பெட்டி. 'பிறகு' என்று தட்டினால் மறுபடியும் அதே பெட்டி. கடைசியில் சலித்துப்போய் அழுத்திவிடுகிறோம். காலையில் பார்த்தால் பட்டன்கள் இடம் மாறியிருக்கின்றன, பழகிய செயலி ஒன்று திறக்க மறுக்கிறது.

அப்டேட்டே போடாதீர்கள் என்று சொல்லும் பதிவு இல்லை இது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பை மட்டும், கம்பெனி குறிக்கும் நாளில் இல்லாமல் நாம் குறிக்கும் நாளில் போடுவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: வந்திருப்பது எது என்று பாருங்கள்

அவசரப்பட்டு மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். முதலில் எண்ணைப் படியுங்கள்.

ஐபோனில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் மாறினால் அது பெரிய பதிப்பு. புள்ளிக்குப் பின்னால் இருப்பவை மட்டும் மாறினால் அது பெரும்பாலும் திருத்தம்தான், நடுநடுவே ஓரிரு புது வசதிகள் சேர்ந்து வரலாம். 2023 செப்டம்பரில் வந்த 16.6.1 நல்ல உதாரணம். போன்காரர் எதையும் தட்டாமலே உளவு மென்பொருள் உள்ளே நுழையக்கூடிய ஓட்டையை அது அடைத்தது. இப்படிப்பட்டதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடுவது ஆபத்து. (2025இல் ஆப்பிள் 18இலிருந்து நேராக 26க்குத் தாவியது. நடுவில் ஏழு பதிப்புகளை விட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். ஆண்டோடு ஒத்துப்போகட்டும் என்று எண்ணை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.)

ஆண்ட்ராய்டில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குப் போனால் ஆண்ட்ராய்டு பதிப்பு ஓர் எண்ணாகவும், பாதுகாப்புத் திருத்தம் ஒரு தேதியாகவும் இருக்கும். எண் மாறாமல் தேதி மட்டும் முன்னேறும் அப்டேட் என்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: இணையத்தில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது 'உங்கள் போன் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று பாய்ந்து வரும் பக்கம் எதுவும் உண்மையானது இல்லை. இயங்குதள அப்டேட் வந்திருக்கிறதா என்பதை எப்போதும் செட்டிங்ஸுக்குள் போய்தான் சரிபார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

படி 2: இது ஒருவழிப் பாதை என்பதை மனதில் வையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் நினைப்பது இதுதான்: 'போட்டுப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பிவிடலாம்.' முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் எந்தப் பதிப்பை நிறுவுவதானாலும் ஆப்பிளின் சர்வர் அதற்கு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். புதிய பதிப்பு வந்து சில வாரங்களுக்குள் பழையதற்குக் கையொப்பம் இடுவதை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் பழைய கோப்பு உங்கள் கணினியிலேயே இருந்தாலும் பயனில்லை. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பு உள்ள போனில் ஏற்றவும் முடியாது.

ஆண்ட்ராய்டிலும் கதவு குறுகிக்கொண்டே வருகிறது. 2022இல் கூகுளின் சொந்த போனான பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, அதைப் போட்டபின் 12க்குத் திரும்பவே முடியாதபடி கூகுள் பூட்டியது. திரும்ப வழியுள்ள போன்களிலும் பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருள்) திறக்க வேண்டும், திறந்தால் போனில் உள்ள அனைத்தும் அழியும். புதியவர்களுக்கு ஆகிற வேலை இல்லை.

தயங்குவதற்குக் காரணங்களும் உண்டு. 2014 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 8.0.1, ஐபோன் 6 போன்களில் சிக்னலையே காணாமல் போகச் செய்தது. ஆப்பிள் சுமார் ஒரு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் (பழைய வகை பிராசஸர்களுக்காக எழுதப்பட்டவை) அத்தனையும் ஒரே நாளில் செயலிழந்தன. அவற்றை எழுதியவர்கள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்தச் செயலி போனது போனதுதான்.

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஏற்கெனவே விற்ற போன்களுக்கு, அவை தாங்காத அப்டேட்டை விடாமல் வற்புறுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. சாம்சங் விஷயத்தில் அது நோட் 4 போனும் புதிய நோட் 7க்காக உருவான ஆண்ட்ராய்டு பதிப்பும். ஆகவே 'அப்டேட் போட்டதிலிருந்து போன் மந்தமாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் அதை வெறும் பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது.

படி 3: ஐபோனில் தானியங்கியை நிறுத்துதல்

செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் என்ற வரிசையில் உள்ளே செல்லுங்கள். ஐஓஎஸ் அப்டேட்டைத் தானாகப் பதிவிறக்குவதற்கு ஒரு சுவிட்ச், தானாக நிறுவுவதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டையும் அணையுங்கள். அதே இடத்தில் 'செக்யூரிட்டி ரெஸ்பான்சஸ்', 'சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற பெயரில் ஏதாவது தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அது பதிப்பை மாற்றாது, ஓட்டையை மட்டும் அடைக்கும்.

புதிய பதிப்பு ஏற்கெனவே இறங்கி உட்கார்ந்திருக்கலாம். ஜெனரலுக்குள் ஐபோன் ஸ்டோரேஜ் பட்டியலில் தேடினால் ஐஓஎஸ் பெயரில் சில ஜிபி அளவுக்கு ஓர் உருப்படி தென்படும். அதைத் தட்டி 'டெலீட் அப்டேட்' கொடுங்கள். இடமும் மிச்சம். சுவிட்சை அணைக்காமல் இதை மட்டும் அழித்தால் வைஃபை கிடைத்ததும் மறுபடி இறங்கிவிடும், அதனால் வரிசை முக்கியம்.

ஆப்பிள் டிவிக்கான பீட்டா புரொஃபைலை (சோதனைப் பதிப்பைப் பெற உதவும் அமைப்புக் கோப்பு) போட்டு அப்டேட்டைத் தடுக்கும் தந்திரம் ஒன்று முன்பு பரவலாக இருந்தது. யார் தருகிறார்கள் என்று தெரியாத புரொஃபைலைப் போனில் ஏற்றுவது அப்டேட்டை விடப் பெரிய தலைவலி. வேண்டாம்.

படி 4: ஆண்ட்ராய்டில்

சாம்சங்கில் எளிது: செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குள் 'ஆட்டோ டவுன்லோட் ஓவர் வைஃபை' என்பதை அணையுங்கள். வேறு பல போன்களில் அப்டேட் திரையின் மூலையில் மூன்று புள்ளியோ பல்சக்கரமோ இருக்கும். அதற்குள் தானாக இறக்குவது, இரவில் நிறுவுவது என்று இருக்கும் சுவிட்சுகளைத் தேடி அணையுங்கள்.

பிக்சல் போன்ற போன்களில் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். 'அபௌட் போன்' பகுதியில் 'பில்டு நம்பர்' மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், அங்கே வேறு எதையும் நோண்ட வேண்டாம். இது ஏன் முக்கியம்? 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலிருந்தே, நாம் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் இன்னொரு பகுதியில் புதிய பதிப்பை எழுதிவைக்கும் வசதி உண்டு. அப்புறம் ஏதோ காரணத்துக்காக ரீஸ்டார்ட் செய்தால் போதும், புதிய பதிப்பில்தான் போன் எழுந்திருக்கும்.

இத்தனை செய்தும் எல்லாவற்றையும் தடுக்க முடியும் என்று உறுதி தர மாட்டேன். 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகுள் தானாகவே அனுப்பிய அப்டேட், சில போன்களில் பேட்டரி கொள்ளளவையே குறைத்தது. கம்பெனி அவசியம் என்று முடிவெடுத்துவிட்டால் நம் சுவிட்சுகளுக்கு ஓர் எல்லை உண்டு.

அலுவலகம் தந்த போன் என்றால் முடிவு உங்கள் கையில் இல்லை. நிர்வாகியிடம் கேளுங்கள். நிறுவனம் நிர்வகிக்கும் ஐபோன்களில் அப்டேட்டை 90 நாள் வரை தள்ளிவைக்கும் வசதி அவர்களிடம் இருக்கிறது.

படி 5: பெட்டி வரும்போது விரலைக் கவனியுங்கள்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஐபோனில் 'லேட்டர்' தட்டியதும் 'இன்ஸ்டால் டுநைட்', 'ரிமைண்ட் மீ லேட்டர்' என்று இரண்டு தெரிவுகள் வரும். சில நேரம் நேராகப் பாஸ்கோடு கேட்கும் திரையே வந்து நிற்கும். பூட்டைத் திறக்கத்தான் கேட்கிறது என்று நினைத்து எண்களை அடித்தால், இன்றிரவு நிறுவச் சம்மதம் கொடுத்ததாகிவிடும். திரையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் 'ரிமைண்ட் மீ லேட்டர்' தான் உங்களுக்கு வேண்டியது.

தவறி சம்மதித்துவிட்டீர்களா? பதற்றம் வேண்டாம். இரவு நிறுவல் நடக்க போன் சார்ஜரிலும் வைஃபையிலும் இருக்க வேண்டும். இன்றிரவு சார்ஜ் போடாமல் விடுங்கள். இறங்கிய கோப்பைப் படி 3இல் சொன்னபடி அழியுங்கள்.

சிவப்பு '1' மட்டும் போகாது. அதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

படி 6: காத்திருக்கும் காலத்தில்

மாதம் ஒரு முறை நீங்களாகவே அப்டேட் திரையைத் திறந்து பாருங்கள். ஐபோனில் பெரிய பதிப்புக்குக் கீழே 'ஆல்ஸோ அவைலபிள்' என்று பழைய பதிப்புக்கான திருத்தம் தனியாக இருந்தால் அதைப் போடுங்கள். இந்தச் சலுகையை நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது 14இலேயே இருந்து திருத்தங்களை மட்டும் பெறலாம் என்றார்கள். 2022 ஜனவரிக்குள் அந்த வழி அடைபட்டது. ஆண்ட்ராய்டில் நிலைமை இன்னும் கடினம்: பெரிய பதிப்பு உங்கள் மாடலுக்கு வந்துவிட்டால் அடுத்தடுத்த மாதத் திருத்தங்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் வரும். கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்டும் செயலிகளின் அப்டேட்டும் தொடர்ந்து வருவது ஓரளவு ஆறுதல்.

படி 7: சரி, எப்போது போடுவது?

என் கணக்கு இது: பெரிய பதிப்பு வந்து, அதன் முதல் ஒன்றிரண்டு திருத்தங்களும் வந்த பிறகு. பழைய பதிப்புக்குத் திருத்தம் நின்றுவிட்டாலோ, வங்கிச் செயலி திறக்க மறுத்தாலோ அதற்கு மேல் இழுக்காதீர்கள். மற்றச் செயலிகள் புதிய பதிப்பைக் கேட்டால், ஐபோனில் ஏற்கெனவே வாங்கிய செயலிக்குப் பொருந்தும் பழைய பதிப்பை ஆப் ஸ்டோரே சில சமயம் தரும், அதை முயன்று பாருங்கள்.

நாள் குறித்ததும் முதலில் பேக்கப். அடுத்து, தினமும் பயன்படுத்தும் செயலிகளை அப்டேட் செய்யுங்கள். சில ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். மறுநாள் பயணமோ தேர்வோ இல்லாத நாளாகப் பார்த்துச் சார்ஜரில் போட்டு நிறுவுங்கள். முதல் ஓரிரு நாள் போன் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும். படங்களையும் கோப்புகளையும் பின்னணியில் மறுபடி அட்டவணைப்படுத்திக்கொண்டிருப்பதால் அப்படி. ஒரு வாரம் கழித்தும் அதே நிலை என்றால் பேட்டரி செட்டிங்ஸைத் திறந்து எந்தச் செயலி தின்கிறது என்று பாருங்கள்.