எத்தனை டம்ளர் என்பதைவிட எத்தனை மணிக்கு: காபியில் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் காபிப் பேச்சு எடுத்தாலே ஒரு நாளைக்கு ரெண்டா, மூணா என்று அளவைத்தான் கேட்பார்கள். நான் பார்த்தவரை தவறு பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது.

முதலில் சாயங்காலக் காபி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது தனக்கான ஏற்பிகளில் போய் ஒட்ட ஒட்டத் தூக்கம் வரும். காபியில் இருக்கும் காஃபீன் பார்ப்பதற்கு அதன் ஜாடையில் இருப்பதால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடினோசின் எங்கேயும் போகவில்லை, காஃபீன் விலகியதும் வந்து ஒட்டும். அதாவது காபி களைப்பைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், ஓஎம்ஆரில் ஆபீஸ் முடித்து 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும், கால் பங்கு விடியற்காலை 4 மணிக்கும் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்த 5 மணி நேரம் 15 வரைகூட நீளும். கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்ற பெரியவர்களுக்கு 400.

அப்புறம், டிபன் சாப்பிட்ட கையோடு காபி. இதை விடச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். காபியில் உள்ள பாலிஃபீனால்கள் கீரை, பருப்பிலிருந்து வரும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் இந்தத் தடை குறையவில்லை என்றும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பாதிப்பில்லை என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக, எழுந்ததும் குடிக்கிற முதல் காபியில் பிரச்சினை இல்லை, பொங்கலுக்குப் பின்னால் வருகிற இரண்டாவதுதான் சிக்கல். ரத்தசோகை இருக்கிற பெண்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குவதும் இதே கதை. என் அம்மா பல மாதம் அப்படித்தான் செய்தார், ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாகவே வரவில்லை. வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துக் காபி குடிக்க ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தது.

கெட்டியாக, கறுப்பாக இருந்தால் 'ஸ்ட்ராங்' என்று நினைப்பது இன்னொன்று. அந்த நிறமும் கெட்டியும் பாதி சிக்கரி கொடுப்பது, அதில் காஃபீன் துளியும் இல்லை. நம் உணவு விதிப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அப்படியென்றால் 49 வரை சிக்கரி இருக்கலாம், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காஃபீனைக் கூட்டுவது ரொபஸ்டா ரகக் கொட்டை, அரபிகா ரகத்தைவிட அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீபெரியைத் தனி ரகம் என்று நினைப்பவர்களும் உண்டு. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் சாயங்காலத்துக்கு ரொபஸ்டா கலக்காத பொடியைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறோம், அதுவும் 4 மணிக்குள் டிகாக்ஷன் தீர்ந்துவிட வேண்டும்.