ஜோடி ஆங்கிலச் சொற்கள்: தவறு எந்த மொழியிலிருந்து வருகிறது?

மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்சிலோ பட்டர்வொர்த்திலோ முதல் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களில், ஒவ்வோர் ஆண்டும் அதே ஜோடிச் சொற்கள்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. எழுத்துப் பிழைகளைப் பற்றிக் கவலை இல்லை. கணினியே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். கோடு எதுவும் விழாமல் பொருள் மட்டும் தடம் மாறுகிற இடங்கள்தான் ஆபத்தானவை.

தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி புழங்கும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. மலாய்ப் பேச்சு ஒரே சொல்லில் அடக்குவதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும். தமிழ் பிரிக்காததை மலாய் பிரித்திருக்கும். தவறு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், மற்ற மொழியைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

பை, அன்டில்

அதிகமாகப் பணத்தைத் தின்பது இந்த ஜோடிதான். இத்தனைக்கும் தமிழில் யோசித்தால் தவறவே முடியாது. 'பை ஃபிரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள். 'அன்டில் ஃபிரைடே' என்றால் வெள்ளி வரை. வெள்ளிக்குள் கொடு, வெள்ளி வரை காத்திரு என்பதை நம் வீட்டுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது.

குழப்பம் மலாய் அறிவிப்புகளிலிருந்து வருகிறது. 'பெர்மோஹோனான் டிபுக்கா செஹிங்கா 31 மாச்' (விண்ணப்பம் மார்ச் 31 வரை திறந்திருக்கும்) என்று படித்துப் பழகியவர்கள், 'செஹிங்கா' இருந்த இடத்தில் 'அன்டில்' போட்டு, 'பிளீஸ் சப்மிட் த ஃபார்ம் அன்டில் 31 மார்ச்' என்று எழுதிவிடுகிறார்கள். மலாய் வாக்கியம் சரியானது. விண்ணப்பம் திறந்திருப்பது நாள் கணக்கில் நீடிக்கிறது, அதனால் 'செஹிங்கா' பொருந்துகிறது. படிவத்தைக் கொடுப்பது ஒரு தடவையில் முடிந்துபோகும் காரியம்.

ஆகவே முதலில் வினையைப் பாருங்கள். ஸ்டே, வெயிட், கீப், வொர்க் போல நீடிக்கிற வினைக்கு 'அன்டில்'. சப்மிட், பே, ரீச், ரிட்டர்ன் போல முடிந்துபோகிற வினைக்கு 'பை'. 'பை ஃபிரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி.

'டோன்ட்' வந்துவிட்டால் கதை மாறும். வெள்ளியன்று கடை பூட்டியிருக்கிறது, 'வெள்ளி வரை சரக்கு அனுப்பாதீர்கள்' என்று சொல்ல வேண்டும். 'டோன்ட் டெலிவர் அன்டில் ஃபிரைடே' என்று எழுதினால், சப்ளையர் அதை 'வெள்ளியிலிருந்து அனுப்பலாம்' என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் செய்ததில் தவறில்லை. வெள்ளிக் காலை பூட்டிய கடைக்கு முன்னால் லாரி வந்து நிற்கும், பிறகு இரண்டாவது நடைக்கு யார் கூலி கொடுப்பது என்று வாக்குவாதம். 'பிளீஸ் டெலிவர் ஆன் ஆர் ஆஃப்டர் சாட்டர்டே' என்று எழுதுங்கள்.

விடுப்பிலும் இதே தொல்லை. 'ஆன் லீவ் அன்டில் ஃபிரைடே' என்றால் வெள்ளியன்று ஆள் இருப்பாரா, மாட்டாரா? ஆங்கிலேயர்களுக்கே இதில் ஒத்த கருத்து இல்லை. 'பேக் ஆன் மண்டே' என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

வேலையை விடும் கடிதத்தில் 'ஐ வில் லீவ் பை 30 ஜூன்' என்று எழுதுவது இன்னும் மோசம். 30ஆம் தேதிக்குள் எந்த நாளும் கடைசி நாளாகலாம் என்று அதற்கு அர்த்தம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் குறிப்பிடப்படாவிட்டால், 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். நோட்டீஸ் கொடுக்கும் நாளும் அதில் சேரும். காலம் குறைந்தால் குறைந்த நாட்களுக்கான சம்பளத்தை நாம்தான் கட்ட வேண்டும். இவ்வளவு கணக்கு இருக்கும் கடிதத்தில் ஒரே ஒரு தேதிதான் இருக்க வேண்டும்: 'மை லாஸ்ட் வொர்க்கிங் டே வில் பி 30 ஜூன்.'

டினை, ரெஃப்யூஸ்

இங்கே காலை வாருவது தமிழ். 'மறுத்தார்' என்ற ஒரு சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது. பணம் எடுத்ததை மறுத்தார் என்றால் 'டினைட் டேக்கிங் த மனி'. பணம் வாங்க மறுத்தார் என்றால் 'ரெஃப்யூஸ்ட் டு டேக் த மனி'. முதலாமவர் மேல் பழி இருக்கிறது, இரண்டாமவர் நேர்மையானவர். விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பும் ஷோ காஸ் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இதை மாற்றிப் போட்டால், குற்றச்சாட்டை நீங்கள் மறுக்கவே இல்லை என்று ஆகிவிடக்கூடும்.

மலாயைத் துணைக்குக் கூப்பிடுங்கள். 'நாஃபி' (அப்படி இல்லை என்பது) வருகிற இடத்தில் டினை, 'எங்கான்' (மாட்டேன் என்பது) வருகிற இடத்தில் ரெஃப்யூஸ்.

பாரோ, லெண்ட்

பேச்சு மலாயில் இரண்டும் 'பிஞ்ஜாம்'. தமிழில் இரவல் வாங்குவது பாரோ, இரவல் கொடுப்பது லெண்ட்.

ரெண்ட், ரெண்ட் அவுட்

செந்தூலில் அறை வைத்திருப்பவர் 'ஐ வான்ட் டு ரெண்ட் எ ரூம்' என்று போட்டால், அவரே அறை தேடுகிறார் என்று நினைத்து வேறு வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். வாடகைக்கு எடுப்பது ரெண்ட், விடுவது ரெண்ட் அவுட். இரண்டுக்கும் பேச்சில் புழங்கும் மலாய் 'சேவா'வை அப்படியே கொண்டுவந்ததால் வந்த வினை.

ஹியர், லிசன்

காதில் விழுவது ஹியர். காது கொடுப்பது லிசன்.

ஃபெட்ச், செண்ட்

ஃபெட்ச் என்றால் போய் அழைத்து வருவது. ஆகவே காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கு 'டேக்' அல்லது 'டிராப்', மத்தியானம் கூட்டி வருவதற்குத்தான் 'ஃபெட்ச்'. 'செண்ட்' உள்ளூரில் எல்லாருக்கும் புரியும், அனுப்புவதற்கும் கொண்டுபோய் விடுவதற்கும் மலாயில் சொல்லும் 'ஹந்தார்' நம் எல்லார் வாயிலும் இருப்பதால். வெளிநாட்டு விருந்தாளிக்கு 'ஐ வில் செண்ட் யூ டு த ஏர்போர்ட்' என்று எழுதினால், தன்னைத் தனியாக அனுப்பிவிடப் போகிறார்கள் என்று நினைத்து அவர் கிராப் வாடகைக் கார் பதிவு செய்துவிடுவார். 'ஐ வில் டிரைவ் யூ டு த ஏர்போர்ட்' என்று எழுதி, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.