சிவப்பு தானே அடங்கிவிடும்: எரிச்சல் தணிக்கும் கிரீமைச் சோதிப்பதில் நேரும் தவறுகள்

மதுரை கே.கே. நகரில் பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெண், கற்றாழையும் வல்லாரையும் சேர்த்துத் தானே ஒரு ஜெல் தயாரிக்கிறார். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சிறு தயாரிப்பாளர்களுக்குக் கலவையைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. புருவம் திருத்திக்கொண்ட 20 பேரின் படங்கள் அவருடைய கைபேசியில் இருந்தன. நூல் இழுத்தவுடன் ஒரு படம், ஜெல் தடவி முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு படம். முதல் படத்தில் புருவத்துக்கு மேலே தடித்துச் சிவந்த கோடு. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை.

“இருபது பேருக்கும் கேட்டிருக்கிறது, அக்கா” என்றார்.

“ஜெல் தடவாதவர்களுக்கு எப்படி அடங்குகிறதும்மா?”

சற்று யோசித்தார். “அவர்களுக்கும் வீடு போய்ச் சேர்வதற்குள் போய்விடும்.”

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். எரிச்சல் கண்ட தோல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். நூல் இழுத்த சிவப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும். சோப்புக் காரத்தில் வெடித்த கைகூட, சில நாள் தண்ணீர் படாமல் இருந்தால் தேறத் தொடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் முன்படம் பின்படம் எடுத்தால், சோதிக்கப்படுவது கிரீம் அல்ல, கடிகாரம். பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்களும், பூசிய இடத்தைப் பூசாத இடத்தோடு மட்டும் ஒப்பிட்டு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. ஜெல்லில் தண்ணீரும் கிளிசரினும் கெட்டியாக்கும் பொருளும் இருக்கின்றன. அவையே தோலுக்கு ஈரம் தந்து இதம் தரும். வல்லாரைதான் வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால், வல்லாரை மட்டும் இல்லாத அதே ஜெல்லையும் செய்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை. மூலிகைக்காகச் செலவழித்த பணம் கண் முன்னால் வந்துவிடுகிறது. ஆனாலும் இதைச் செய்யாமல் ‘வல்லாரை தணிக்கிறது’ என்று எழுதுவது சரியல்ல.

புருவம் இதற்கு வசதியான இடம். ஒரே ஆளுக்கு இரண்டு புருவம், ஒரே நூல், ஒரே கை. ஒன்றில் முழு ஜெல், மற்றதில் வல்லாரை இல்லாத ஜெல். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அவருடைய பார்லரில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தேன். யார் வந்தாலும் வலப் புருவத்தில்தான் தொடங்குகிறார். இடப் புருவம் முடியும்போது வலது ஏழெட்டு நிமிடம் ஆறியிருக்கிறது. ஓரச் சிவப்பு அப்போதே வெளுக்கத் தொடங்கிவிட்டது. நல்ல ஜெல்லை எப்போதும் வலப்பக்கம் தடவினால் அது தடவுமுன்பே ஜெயித்துவிடும். ஒவ்வொருவருக்கும் காசு சுண்டிப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு புருவத்துக்கும் தனித்தனியாக நேரத்தைக் கணக்கிடுங்கள் என்றேன். டப்பாக்களில் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் இருக்க வேண்டும். எது எது என்று சிவப்பைப் பார்த்து மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது. வல்லாரையின் பச்சை நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால், மதிப்பிடுமுன் இரு பக்கமும் ஒரே மாதிரி ஒற்றியெடுத்துவிட வேண்டும். எண்ணும்போதும் கவனம் வேண்டும். 20 பேரின் 40 புருவங்கள் 40 பேர் ஆகிவிடாது.

குளிர்ச்சியைத் தணிவாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. புதினாவில் குளிர்ச்சி தரும் பொருளான மென்தால், தோல் நரம்புகளில் குளிரை உணரும் ஒரு புரதத்தை, அதாவது ஏற்பியைத் தூண்டுகிறது. டிஆர்பிஎம்8 என்பது அதன் பெயர். 2021இல் மருத்துவ நோபல் பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே மென்தாலை வைத்துத்தான் அதைக் கண்டறிந்தார்கள். தோல் உண்மையில் குளிர்வதில்லை, குளிர்வதாக நரம்பு சொல்கிறது, அவ்வளவுதான். அழற்சி அடியில் அப்படியே இருக்கலாம். மதுரை வெயிலுக்குப் பலர் ஜெல்லை ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறார்கள். தடவுவதில் தவறில்லை, ஆனால் சோதனையில் ஒன்று ஃபிரிட்ஜிலிருந்தும் மற்றது அலமாரியிலிருந்தும் வரக்கூடாது. இதன் மறுபக்கமும் உண்டு. மூக்கோர மடிப்பில் லாக்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பழைய சோதனையில், சிலருக்குச் சுருக்கென்று குத்தும், தோலில் சிவப்பே இருக்காது. ஆகவே தடவிக்கொண்டவர் உணர்வதையும் நாம் காண்பதையும் நோட்டில் தனித்தனியே குறிக்க வேண்டும்.

வெயில் தனிப் பிரச்சினை. திருமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவரின் முகம் நூல் படுமுன்பே சிவந்திருக்கும். சோதனைக்கூடங்களில் 20 முதல் 22 டிகிரி அறையில் குறைந்தது 20 நிமிடம் உட்காரவைத்த பிறகுதான் தோலைத் தொடுவார்கள். தோல் வழியே ஆவியாகும் நீரை அளக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தோலின் தடுப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதைக் காட்டும் கருவி அது. வியர்வை அரும்பினால் அதையும் சேர்த்து அளந்துவிடும். கிரீம் தடவிய உடனே வைத்தால் கிரீமிலுள்ள தண்ணீர் ஆவியாவதைக் காட்டும். கொஞ்ச நேரம் கழித்து வைத்தால் மேலே படிந்த எண்ணெய்ப் படலத்தைக் காட்டும். வாஸ்லின் பூசினாலே எண் சரிந்துவிடும், தோல் தேறிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. கடைசியாகத் தடவிச் சில மணி நேரம் கழித்து அளந்தால்தான் தோலின் நிலை தெரியும்.

நம் நிறத்துக்கு வருகிறேன். சிவப்புக்கு மதிப்பெண் போடும் அளவுகோல்கள் பெரும்பாலும் வெளுத்த தோலை வைத்து எழுதப்பட்டவை. கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. கருஞ்செம்மையாக, சில சமயம் சாம்பல் பூத்த ஊதாவாகத் தெரியும். சிவப்பு இல்லை என்று எழுதிவிட்டால் எரிச்சலே இல்லை என்று ஆகிவிடும். விரலின் பின்பக்கத்தை வைத்துச் சூட்டைப் பாருங்கள், தடிப்பைத் தடவிப் பாருங்கள், அரிக்கிறதா என்று கேளுங்கள். தோலின் நிறத்தை எண்ணாக அளக்கும் நிறமானி வைத்திருந்தாலும், தோலுக்குக் கருமை தரும் மெலனின் அந்த எண்ணைக் கலைக்கும். ஒருவரின் எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். கைபேசிப் படத்தில் முகப்பொலிவு வசதியை அணைத்துவிட்டு, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், சட்டகத்துக்குள் ஒரு வெள்ளைத்தாளையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

நம் நிறத்தை மறந்ததால் நேர்ந்த ஒன்று இன்னும் என்னை வருத்துகிறது. ஒரு கல்லூரியில் மாணவர்கள் துணி துவைக்கும் தூளைக் கரைத்துத் தங்கள் முன்கையில் கட்டி, மறுநாள் தங்கள் கிரீமைத் தடவிப் பார்த்தார்கள். ஆய்வகங்களில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருளை அளந்து, ஒட்டுப்பட்டையில் வைத்து 24 மணி நேரம் கட்டுவது உண்டு. ஆனால் அது தோல் மருத்துவர் கண்காணிப்பிலும், நெறிமுறைக் குழு அனுமதியோடும் நடப்பது. ஒரு மாணவியின் கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பழுப்புச் சதுரம், அடுத்த பருவத் தேர்வு வரை போகவில்லை. நம் தோலில் எரிச்சல் ஆறிய பிறகும் கறை நிற்கும். வீட்டில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்காதீர்கள்.

அதே கல்லூரியில் முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கி, அது திரிவதைச் சாறு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, ‘அழற்சி நீக்கும்’ என்று எழுதினார்கள். மலிவான சோதனை என்பதால் மாணவர் ஆய்வேடுகளில் நிறையவே காணலாம். முட்டைக்குத் தோல்தடுப்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. கண்ணாடிக் குழாயில் நடந்ததை முகத்துக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. விலங்குகளில் அழகுசாதனச் சோதனையை இந்தியா 2014இல் தடை செய்துவிட்டதால், வளர்ப்பு மனிதத்தோல் மாதிரிகளை நாடுகிறார்கள். அதில் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 439 என்ற முறை, ஒரு பொருள் எரிச்சல் தருமா என்று மட்டும் பார்ப்பது. அதில் தேறியதை ‘எரிச்சலைத் தணிக்கும்’ என்று போடுகிறார்கள். இரண்டும் வேறு. முன்கூட்டியே தடவிவிட்டுப் பிறகு எரிச்சலூட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அது தடுப்புக்கான சோதனை, தணிப்புக்கானது அல்ல.

ஒரே இரவில் சிவப்பை மறைக்கும் ‘மூலிகை’ கிரீமை யாராவது அளவுகோலாகக் கொண்டுவந்தால் எனக்குப் பயம் வரும். ஸ்டீராய்டு, ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோலை வெளுக்கச் செய்யும். 1962இல் மெக்கென்சியும் ஸ்டௌட்டனும் அந்த வெளுப்பை வைத்தே ஸ்டீராய்டுகளின் வீரியத்தை அளந்தார்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்ததை மாதக்கணக்கில் முகத்தில் பூசியவர்கள், தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரிய, நிறுத்தினால் எரிய, மருத்துவரிடம் போய் நிற்கிறார்கள். 2018இல் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதித்தது. மிக வேகமாக வேலை செய்யும் கிரீமைக் கண்டால் முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அரை மணியில் சோதனையை முடித்துவிடுவதையும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை மெதுவாக வரும். தோல் மருத்துவர்கள் ஒட்டுப்பட்டையை 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பது அதற்காகத்தான். வாசனைப் பொருளும், அரிதாக வல்லாரையும்கூட அப்படி ஒவ்வாமை உண்டாக்கலாம்.

பார்லர்காரம்மா ஆனி மாதம் திரும்ப வந்தார். பள்ளி நோட்டில் கோடு போட்டு, காசு சுண்டியது முதல் எல்லாம் எழுதியிருந்தார். சிலருக்கு ஒரு புருவத்தில் வெறும் தண்ணீரும் ஒற்றிப் பார்த்திருந்தார். பத்தாவது நிமிடத்தில் இரண்டு ஜெல்லுமே வெறும் தண்ணீர் ஒற்றியதைவிட எரிச்சலைக் குறைத்திருந்தன; வல்லாரை சேர்ந்ததற்கும் சேராததற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஒரு மணி நேரத்தில் மூன்றும் ஒன்றுதான். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து பழைய லேபிள் கட்டை எடுத்தார். ‘வல்லாரையின் தணிக்கும் சக்தி’ என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘புருவம் திருத்தியவுடன் தடவ’ என்று எழுதி, அச்சகத்துக்கு இப்படிக் கொடுத்தால் சரியா என்று கேட்டார்.