ஸ்டீக் மேரினேட்: ஊறும் நேரம் கூடினால் சுவை கூடுமா?

வீட்டில் ஸ்டீக் (சட்டியில் சுட்டெடுக்கும் மாட்டிறைச்சித் துண்டு) செய்ய நினைக்கும் பலர் முதலில் செய்வது, கைக்குக் கிடைத்த சாஸ், எலுமிச்சை, பூண்டு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இறைச்சியை அதில் முக்கி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பது. இப்படி ஊறவைப்பதையும், ஊறவைக்கும் கலவையையும்தான் மேரினேட் என்கிறோம். காலைக்குள் சுவை நடுப்பகுதி வரை இறங்கிவிடும் என்று நம்பிக்கை. சமைத்த பிறகு குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக நிறம் மாறியிருக்கும். உள்ளே இருப்பது வெறும் இறைச்சியின் சுவைதான்.

ஊறவைப்பதில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன. பூண்டு, மிளகு, ரோஸ்மேரி, எண்ணெய் போன்றவற்றின் மணமும் சுவையும் எவ்வளவு நேரம் வைத்தாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை. இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மணம் தரும் பொருள்களில் பல எண்ணெயில்தான் கரையும். நெருக்கமாக அடுக்கிய ஈரமான நார்களுக்குள் அவற்றால் நுழைய முடியாது. நன்றாக ஆழத்துக்குப் போவது உப்பு ஒன்றுதான். அது தண்ணீரில் கரைந்து, மெதுவாக உள்நோக்கி நகர்கிறது. போகிற வழியில் தசைப் புரதங்களைக் கொஞ்சம் தளர்த்தி, சூட்டில் இறைச்சி தன் ஈரத்தை இழக்காமல் பிடித்துவைக்க உதவுகிறது.

ஆகவே மேரினேட் என்பது இரண்டு வேலை: உள்ளே உப்பு, வெளியே மணம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

உப்பில் கஞ்சத்தனம்

உப்பு போட்டால் இறைச்சி வறண்டுவிடும் என்று பயந்து, கலவையில் உப்பே இல்லாமல் ஊறவைப்பவர்கள் உண்டு. உப்பு முதலில் கொஞ்சம் நீரை வெளியே இழுப்பது உண்மை. ஆனால் நேரம் கொடுத்தால் அந்த உப்புநீரில் கணிசமான பகுதி திரும்ப உள்ளே போகும். உப்பில்லாத மேரினேட் என்பது, சமைத்த பிறகு மேலே சாஸ் ஊற்றுவதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

அளவு வேண்டுமானால், இறைச்சியின் எடையில் 1 முதல் 1.5 சதவீதம் உப்பு ஒரு நல்ல கணக்கு. 700 கிராம் இறைச்சிக்கு 7 முதல் 10 கிராம். சோயா சாஸ் சேர்த்தால் அந்த உப்பையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கும். நான்கு கரண்டி ஊற்றிவிட்டு அப்புறம் தனியாக உப்பும் தூவினால் அன்றைய சாப்பாடு போச்சு. சோயா சாஸை நான் விடாமல் சேர்ப்பதற்கு உப்பு மட்டும் காரணமில்லை. அதில் இருக்கும் குளூட்டமேட், இறைச்சியின் சொந்தச் சுவையையே தூக்கிக் காட்டும்.

இன்னொன்று: உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெயில் நேரடியாக உப்பைப் போட்டுக் கலக்கினால் அது அடியில் மணலாக நிற்கும். முதலில் சோயா சாஸ் அல்லது எலுமிச்சைச் சாற்றில் உப்பையும் சர்க்கரையையும் முழுக்கக் கரைத்துவிட்டு, கடைசியில் எண்ணெயை ஊற்றி அடித்துக் கலக்குங்கள். ஒரு கரண்டி கடுகு விழுது சேர்த்தால் எண்ணெயும் சாறும் பிரியாமல் நிற்கும். கலவையைச் சுவைத்துப் பாருங்கள். அப்படியே குடிக்க முடியாத அளவுக்கு உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்க வேண்டும். நாக்குக்கு இதமாக இருந்தால் இறைச்சியில் ஏறும்போது சப்பென்று ஆகிவிடும்.

புளிப்பு மென்மையாக்கும் என்ற எண்ணம்

அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டுவைத்தால் வெந்ததுபோல் வெளுத்துவிடும். இறைச்சியின் மேற்பரப்பிலும் அதேதான் நடக்கிறது. புளிப்பு புரதத்தின் வடிவத்தைக் குலைக்கிறது. சிறிது நேரம் என்றால் மேல்பகுதி இளகி, சுவையும் கூர்மையாக இருக்கும். நேரம் நீண்டால் மேலே மாவுபோல் குழைந்து, நிறம் சாம்பலாகி, சமைக்கும்போது நீர் கசியும். உள்பகுதி மட்டும் பழையபடி கெட்டியாகவே இருக்கும். புளிப்பும் ஆழமாகப் போகாது என்பதால், கடினமான துண்டை நீண்ட நேரம் வினிகரில் வைத்து மென்மையாக்குவது நடக்காத காரியம். எலுமிச்சையோ வினிகரோ தூக்கலாக இருக்கும் கலவைக்கு இரண்டு மணி நேரம் போதும். சோயா சாஸும் எண்ணெயும் பிரதானமாக, புளிப்பு பேருக்கு மட்டும் இருக்கிறது என்றால் எட்டு மணி நேரம் வரை வைக்கலாம்.

பழங்கள் இன்னும் வேகமானவை. பப்பாளியில் பப்பெய்ன், அன்னாசியில் புரோமலெய்ன், கிவியில் ஆக்டினிடின் என்ற நொதிகள் இருக்கின்றன. பச்சை இஞ்சியிலும் இதே வேலை செய்யும் நொதி உண்டு. இவை புரதத்தை உண்மையிலேயே வெட்டுகின்றன. ஒருமுறை புது அன்னாசிச் சாற்றில் ஸ்டீக்கை இரவு முழுக்க வைத்திருந்தேன். காலையில் விரலால் தொட்டதும் மேல்பகுதி பசைபோல் கையோடு வந்தது. சட்டியில் போட்டும் நிறம் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து இந்தப் பழங்களைச் சேர்த்தால் அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறேன். டின்னில் அடைத்த அன்னாசியில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் பதப்படுத்தும்போது ஏறும் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். அதில் இனிப்பும் புளிப்பும் மட்டும்தான் கிடைக்கும்.

வைன் சேர்ப்பவர்கள் அதைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறிய பிறகு சேர்க்கலாம். பச்சையாக ஊற்றினால் ஆல்கஹாலின் காட்டம் மேலே தங்கிவிடும்.

எல்லாத் துண்டுக்கும் மேரினேட் தேவையா?

தேவையில்லை. ரிப்-ஐ போன்ற கொழுப்பு ஓடிய துண்டு, டெண்டர்லாய்ன் போன்ற மென்மையான துண்டு இவற்றுக்கு உப்பும் மிளகும் போதும். நல்ல ரிப்-ஐயை சோயா சாஸில் மூழ்கடித்தால் கொடுத்த காசுக்குரிய சுவையை நாமே மூடிவிடுகிறோம். மேரினேட் செய்து பலன் பெறுவது ஃபிளாங்க், ஸ்கர்ட், ஹேங்கர் போன்ற மெல்லிய, நார் தெரியும் துண்டுகள். மெல்லியதாக இருப்பதால் வெளிப்பரப்பு அதிகம். நார்களின் இடுக்குகளில் கலவை தங்கவும் இடமுண்டு. கடிக்கும் ஒவ்வொரு வாயிலும் ஓரம் வருகிறது, ஓரத்தில்தான் சுவை இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் கனமான துண்டுக்கு அது நடக்காது.

சுவை ஆழமாக இறங்கட்டும் என்று முள்கரண்டியால் குத்துவதும் வேண்டாம். முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அதனால்தான் நடுவில் இளஞ்சிவப்பாக விட்டுச் சமைக்க முடிகிறது. குத்தும்போது அவற்றையும் உள்ளே தள்ளிவிடுகிறோம்.

ஃப்ரிட்ஜும் பாத்திரமும்

சமையல்மேடையில் வெளியே வைத்து மணிக்கணக்கில் ஊறவைக்காதீர்கள். 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். அலுமினியம் புளிப்போடு வினைபுரிந்து உலோக வாடை தரும். எனக்கு மிகவும் பிடித்தது ஜிப் பை. காற்றை வெளியேற்றி மூடினால் கொஞ்சக் கலவையே இறைச்சி முழுவதையும் தொட்டுக்கொண்டிருக்கும். அரைக் கிலோவுக்கு அரைக் கோப்பை போதும்.

சாஸாகப் பரிமாற வேண்டுமென்றால், இறைச்சியைப் போடுவதற்கு முன்பே கொஞ்சம் கலவையைத் தனியாக எடுத்துவையுங்கள். பச்சை இறைச்சி கிடந்த கலவையைச் சுட்ட ஸ்டீக்கின் மேல் அப்படியே ஊற்றக் கூடாது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

ஈரத்தோடு சட்டியில் போடுவது

ஊறிய ஸ்டீக்கைக் கலவை சொட்டச் சொட்டச் சட்டியில் போடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள். மேலே இருக்கும் கலவை வீணாகிவிடுமே என்ற தவிப்பு. எனக்கும் அது புரிகிறது. ஆனால் இறைச்சியின் மேல்பரப்பு பழுப்பாகி, அந்தச் சுட்ட மணம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி சூடு வேண்டும். அங்கே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சட்டியின் வெப்பமெல்லாம் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். ஸ்டீக் வறுபடுவதற்குப் பதில் அவிந்து, சாம்பல் நிறத்தில் நிற்கும். காகிதத் துண்டால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். ஒட்டியிருக்கும் பூண்டுத் துண்டுகளையும் இலைகளையும் வழித்துவிடுங்கள். அவை முதல் நிமிடத்திலேயே கருகி முழுவதையும் கசப்பாக்கிவிடும். இறைச்சிக்குள் போக வேண்டியது அதற்குள் போயிருக்கும். பிறகு, நன்றாகக் காய்ந்த கனமான சட்டியில் போடுங்கள்.

தேனும் சர்க்கரையும் நிறம் தரும், ஆனால் வேகமாகக் கருகும். 700 கிராமுக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இன்னும் இனிப்பு வேண்டுமென்றால், தனியாக எடுத்துவைத்த கலவையில் தேனைக் கலந்து கடைசி ஒரு நிமிடத்தில் தடவுங்கள்.

நான் அடிக்கடி செய்யும் அளவு இது. 700 கிராம் ஃபிளாங்க் ஸ்டீக்குக்கு நான்கு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, துருவிய மூன்று பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு. தனியாக உப்பு வேண்டாம். நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோயா சாஸ் மேல்பக்கத்தைச் சீக்கிரமே கருப்பாக்கிவிடும், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கலாம். வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள். மீடியம் ரேர், அதாவது நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும் பதம், பிடிப்பவர்கள் 54 டிகிரி வாக்கில் எடுத்துவிடுவார்கள். உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் முழுத்துண்டு ஸ்டீக்குக்குச் சொல்வது 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும். கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள் சாப்பிடுவதென்றால் அந்த 63 டிகிரியைக் குறைக்க வேண்டாம்.

எடுத்த ஸ்டீக்கை ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். அதற்குள் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாங்கில் அது கோடு கோடாகக் கண்ணுக்கே தெரியும். அதற்குக் குறுக்காக, கத்தியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள். நீளமான நார்கள் சிறு சிறு துண்டுகளாகிவிடுவதால் பல்லுக்கு வேலை குறைகிறது. எட்டு மணி நேர ஊறலாலும் கிடைக்காத மென்மை இந்த வெட்டில் கிடைக்கும். எடுத்துவைத்த கலவையில் ஒரு கரண்டியை அந்த வெட்டிய பக்கங்களின் மேல் ஊற்றினால், மணிக்கணக்கில் ஊறியும் உள்ளே போகாத பூண்டும் மிளகும் இப்போது நடுப்பகுதியையும் தொட்டுவிடும்.