இந்தியா–பூட்டான் ஒப்பந்தச் செய்தியை இலங்கை மலையகத்தில் இருந்து வாசிப்பது எப்படி?

உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கும், "பூட்டானுக்கு இந்தியா இத்தனை கோடி" என்று கண்டதும் அடுத்த செய்திக்குத் தாவுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. பெரிய நாடு, பக்கத்தில் சின்ன நாடு, மலை, அணைக்கட்டு, கரண்ட், குடியுரிமைப் பத்திரம் எல்லாம் நமக்குப் பழகினவைதான்.

முதலில் கைகுலுக்கும் படத்தையும் நட்பைப் பற்றிய பந்தியையும் தள்ளிவிட்டுத் தொகையைத் தேடுங்கள். கிடைத்ததும் அது நன்கொடையா கடனா என்று பாருங்கள், ஏனென்றால் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1980களில் பூட்டானில் கட்டிய சுக்கா நீர்மின் நிலையத்துக்கு (336 மெகாவாட்) இந்தியா கொடுத்ததில் 60 வீதம் நன்கொடை, 40 வீதம் கடன். 2019இல் திறந்த மாங்டெச்சுவில் (720 மெகாவாட்) நன்கொடை 30 வீதம்தான், மிச்சமெல்லாம் கடன். செய்தியில் இரண்டுக்கும் பெயர் உதவிதான்.

அப்புறம், கரண்டை யார் வாங்குகிறார்கள்? மழைக்காலத்தில் மிஞ்சுவதை இந்தியா வாங்குகிறது, பனிக்காலத்தில் ஆறு வற்றியதும் பூட்டான் இந்தியாவிடமே திருப்பி வாங்குகிறது. நம் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் மட்டத்தைப் பார்த்து மின்வெட்டு வருமா என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூட்டானின் நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று சம மதிப்பு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஒப்பந்தத்தையும் எடுத்துப் புதியதோடு சேர்த்து வாசியுங்கள். 1949 ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவுப்படி வெளிவிவகாரத்தில் பூட்டான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். 2007இல் அது போய், இரு நாடுகளும் தத்தம் தேசிய நலன் சார்ந்த விடயங்களில் நெருங்கி ஒத்துழைப்பதாக மாறியது. இது சின்ன மாற்றமில்லை.

திகதி விஷயத்தில் ஏமாறாதீர்கள். பூட்டானின் புனட்சாங்சு-1 நீர்மின் திட்டம் மலைச்சரிவு நகர்ந்ததால் வருசக்கணக்கில் இழுபட்டது. நம் பக்கத்தில், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவித்த நாள் ஒன்று, சாவி கைக்கு வரும் நாள் வேறு.

கடைசியாக, என் கணக்கில் இதுதான் முக்கியம்: பேச்சுவார்த்தை மேசையில் யார் இல்லை? இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பற்றியது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டன, அந்த மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. பூட்டானிலும் 1985 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1958இல் அங்கே இருந்ததற்குப் பத்திரம் காட்டச் சொல்லி, தெற்கில் நேபாளி பேசுகிறவர்களில் பெருந்தொகையானோரின் குடியுரிமை பறிபோனது; ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நேபாள முகாம்களில் வாழ்ந்தார்கள். அது நேபாளமும் பூட்டானும் பேசித் தீர்க்க வேண்டியது என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. தகப்பன் பிறந்த பத்திரம் எங்கே என்று 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் கேட்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த இடத்தை அவசரமாகக் கடந்து போகமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நட்பு அறிக்கைகளில் இதைத் தேடிப் பயனில்லை, முகாமில் இருந்தவர்கள் சொன்னதைத் தனியாகத் தேடி வாசியுங்கள்.