சரக்கு லாரிக்கு பர்மிட் பெறுவதும் அதை இழக்காமல் காப்பதும்

லாரி வாங்கிச் சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் இறங்குவோரில் பலர், பர்மிட் கைக்கு வந்ததும் அரசுடனான வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் பர்மிட்டைப் பெறுவது எளிது. அதற்குரிய ஐந்து ஆண்டுக் காலமும் அது செல்லுபடியாகும் நிலையில் வண்டியை வைத்திருப்பதுதான் கடினம், தொழிலைக் காப்பாற்றுவதும் அதுதான்.

யாருக்குப் பர்மிட் தேவை என்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவில் சொல்கிறது. வண்டியின் எடையும் அதில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கின் எடையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்ட வண்டிகளில், வாடகைக்கு ஓட்டுவோர் மட்டுமல்லாமல், தம் ஆலையின் சரக்கைத் தம் லாரியிலேயே ஏற்றிச் செல்வோரும் பர்மிட் பெற்றாக வேண்டும். ‘என் வண்டி, என் சரக்கு’ என்ற வாதம் சோதனையில் எடுபடாது.

விண்ணப்பிக்கும் முன் வண்டியின் பதிவு, தகுதிச் சான்று எனப்படும் எஃப்.சி., காப்பீடு, புகைச் சான்று, சாலை வரி ஆகிய ஐந்தும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள பெயர், முகவரி, சேசிஸ் எண் ஆகியவை மற்ற ஆவணங்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்றும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, வண்டியைப் பயன்படுத்தவிருக்கும் வட்டாரத்தின் போக்குவரத்து ஆணையத்துக்கு, மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பர்மிட் வந்ததும் அதில் குறிக்கப்பட்டுள்ள நிபந்தனைகளை முழுமையாகப் படியுங்கள். எந்தப் பகுதியில் ஓடலாம், எந்த வகைச் சரக்கை ஏற்றலாம் என்று வரையறுக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அபாயகரமான சரக்கு என்றால் கட்டுப்பாடுகள் இன்னும் கூடும்.

மாநில எல்லையைத் தாண்டி ஓடுவதற்குப் பொதுவாக நேஷனல் பர்மிட் தேவை. இதில் பர்மிட் ஐந்து ஆண்டுகளுக்கு உரியது என்றாலும், மற்ற மாநிலங்களில் ஓடுவதற்கான அங்கீகாரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 16,500 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணமும் 1,000 ரூபாய் அங்கீகாரக் கட்டணமும் செலுத்த வேண்டும். 12 ஆண்டுகளைக் கடந்த லாரிக்கு நேஷனல் பர்மிட் கிடைக்காது. இரண்டுக்கு மேற்பட்ட அச்சுகள் உள்ள (மல்டி ஆக்சில்) வண்டிகளுக்கு மட்டும் இந்த வரம்பு 15 ஆண்டுகள். பழைய லாரி வாங்க நினைப்போர் விலை பேசுவதற்கு முன்பே இதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மேலும், வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரில் சரக்கை ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க இந்த பர்மிட் இடம் தராது.

பர்மிட் என்பது வண்டிக்கு உரியது; தொழிலுக்கு உரிய பதிவு வேறு. பலருடைய சரக்கையும் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரசீது கொடுத்து, சேகரித்து அனுப்பும் பார்சல் சர்வீஸ்களும் டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களும் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவுச் சான்று பெற வேண்டும். இது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சொந்தமாக ஒரு லாரிகூட இல்லாமல், வாடகை வண்டிகளை வைத்தே நிறுவனம் நடத்துவோருக்கும் இது பொருந்தும் என்பதால், லாரி பர்மிட்டோடு நின்றுவிடக் கூடாது.

இனி, காப்பது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் எஃப்.சி.தான். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். நடப்பில் உள்ள எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது என்று சட்டத்தின் 56-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே எஃப்.சி. ஒரு நாள் தவறினாலும், பதிவு, பர்மிட் ஆகிய இரண்டும் ஆட்டம் காண்கின்றன. பர்மிட் இல்லாமல் ஓடுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால், அப்போது நேரும் விபத்தின் இழப்பீட்டுச் சுமை கடைசியில் உரிமையாளர் தலையில்தான் விழும். ஆகவே எல்லா முடிவுத் தேதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்து, எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்பே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள். பர்மிட் புதுப்பிப்பதற்கான விண்ணப்பத்தை அது முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே அளிக்க வேண்டும்.

அடுத்தது ஓவர்லோடு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் அபராதத்துக்கு உள்ளானவரையே சேரும். வண்டியை நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000 ரூபாய். ஓட்டுநர் தாமாகவே ஏற்றினார் என்று உரிமையாளர் விலகிக்கொள்ள முடியாது. உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சட்டமே சொல்கிறது. லோடு ஏற்றிய இடத்திலேயே எடைமேடையில் எடை போட்டு, அந்தச் சீட்டைக் கேபினில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கூடுதல் டன்னுக்கு வாடகை தருகிறேன் என்று கேட்கும் சரக்குக்காரர், பிரேக் பிடிக்காமல் போகும்போது அந்த ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை.

ஓட்டுநரின் வேலை நேரமும் பர்மிட் நிபந்தனையே. பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை மீறி ஓட்டவைப்பது பர்மிட்டையே பாதிக்கும். உரிமையாளரின் பெயரும் முகவரியும் வண்டியின் இருபுறமும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைதான். சிறு செலவில் முடிகிற இதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

நிபந்தனை மீறலுக்காகப் பர்மிட்டை ரத்து செய்யவோ தற்காலிகமாக நிறுத்திவைக்கவோ 86-ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ரத்து செய்யும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு வந்தால் எடைச் சீட்டு, பழுதுபார்த்த ரசீது, ஓட்டுநர் பணிப்பதிவேடு ஆகியவற்றோடு குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் அளியுங்கள். சில நேர்வுகளில் நிறுத்திவைப்பதற்குப் பதிலாக ஒரு தொகையைச் செலுத்தவும் ஆணையம் இசையலாம். முடிவு பாதகமாக இருந்தால் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

பர்மிட் வைத்திருப்பவர் இறந்துவிட்டால், வண்டியை அடைந்த வாரிசு 30 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதம் வரை அதே பர்மிட்டில் வண்டியை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பர்மிட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.